மருத்துவக் குழுவின் முன் போகும் நாள்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய நினைவுகள் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்றுதான் செயலாளர் கேட்டார். "நினைவுகளை மற்றவர்கள் நன்றாகவே பேசுவார்கள். எனக்கு வேறு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அனுமதி கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த விஷயம் இதுதான். மாற்றுத்திறனாளி சான்று பெறுவதற்காக மருத்துவரின் முன் போகிறோமே, அந்த ஒரு நாளுக்கு எப்படித் தயாராவது?

1978இல் பி.காம். சேர்ந்தவன் நான். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலத்தில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது முன் வரிசையில் இருக்கிற சிலருக்குத் தெரியும். அவர்களில் இருவர் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு, இன்று எனக்குப் பின்னால் மெதுவாகப் படியேறி வந்தார்கள். காலம் எல்லாரையும் சமமாக்கிவிடுகிறது! ஆகவே இதை "யாரோ சிலருடைய விஷயம்" என்று தள்ளிவிட வேண்டாம். அறுபதைத் தாண்டிய நமக்குப் பக்கவாதம் வரலாம், காது மந்தமாகலாம். இளைய தலைமுறையிலோ, பைக் விபத்தில் காலை இழந்த பிள்ளை எந்தத் தெருவில் இல்லை?

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995இல் வந்த சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் 21 வகைகள். தசைச் சிதைவு, பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபீலியா, ஆட்டிசம், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் சேர்ந்துவிட்டன. இந்தச் சட்டத்தில் 40 சதவீதம் என்பதுதான் வாசற்படி. அதைத் தாண்டினால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத இடம், இன்னும் பல உதவிகள். நம் மாநிலத்தில் வருவாய்த் துறை வழியாகத் தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் ஆயிரத்திலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. மாதம் 1,500 என்பது இந்த மண்டபத்தில் பலருக்குச் சின்னத் தொகை. முட்லூரிலோ கிள்ளையிலோ ஒரு வீட்டுக்கு அது மாதத்து அரிசி, மாத்திரை.

2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் இந்தச் சான்றுக்கு இணைய வழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தனித்துவ அடையாள அட்டை என்கிறார்கள். இ-சேவை மையத்திலும் பதிந்து தருவார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024 டிசம்பரில் மறுபடி வெள்ளம். ஒவ்வொரு தடவையும் பீரோவில் இருந்த சான்று கூழாகிப் போனவர்களை எனக்குத் தெரியும். கணினியில் பதிந்ததை வெள்ளம் கொண்டுபோகாது.

சரி, இனி விஷயத்திற்கு வருவோம்.

மருத்துவர் அங்கே அளப்பது நோயை அல்ல. நோயினால் எது முடியாமல் போயிற்று என்பதைத்தான் அளக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. "எனக்குப் பத்து வருஷமா சுகர் சார், மூணு ஆபரேஷன் ஆச்சு சார்" என்று கதை சொன்னால் சதவீதம் ஏறாது.

மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளைப் பார்த்தால் நம்ம ஊர் வாழ்க்கையே அதில் இருக்கிறது. கால் பாதிப்புக்கு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்பதோடு, சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, பாதித்த காலில் நிற்பது, குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். கை என்றால், தலைக்கு மேல் இருக்கும் பொருளை எடுப்பது, கையால் பிசைந்து சாப்பிடுவது, தலை வாரிப் பின்னுவது, சட்டை மாட்டுவது, பொத்தான் போடுவது, டம்ளரில் தண்ணீர் குடிப்பது, மலம் கழித்தபின் கழுவிக்கொள்வது, எழுதுவது. இவையெல்லாம் வெறும் பேச்சு அல்ல. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்ட பரீட்சை இது ஒன்றுதான்! வீட்டிலேயே உட்கார்ந்து, இதில் எது எனக்கு முடிகிறது, எது முடியவில்லை, எதற்கு ஆள் வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்.

காதுக்கு ஒலியளவுச் சோதனை. கருவி மாட்டாத காதைத்தான் சோதிப்பார்கள். ஆனாலும் கருவியைக் கொண்டு போங்கள். கூப்பிடுவதும் சொல்வதும் கேட்க வேண்டும் அல்லவா? காதில் அழுக்கு அடைத்திருந்தால் முன்னதாகவே எடுத்துவிட்டுப் போங்கள். கண்ணுக்கு, நல்ல கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கணக்கு. ஆகவே இப்போது போடும் கண்ணாடி கட்டாயம். ஒரு கண் முழுக்கப் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். இது தெரியாமல் "டாக்டர் குறைச்சுப் போட்டுட்டார்" என்று கோபப்பட்டுப் பயனில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், நான் பி.காம். ஆயிற்றே! கையில் 50, காலில் 30 என்றால் மொத்தம் 80 என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி நேராகக் கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இல் அது போக மீதி இருப்பதன் விகிதத்தில்தான் சின்ன எண்ணைச் சேர்ப்பார்கள். 90இல் 50 போனால் மீதி 40. 30ஐ 40ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 13 சொச்சம். ஆக மொத்தம் சுமார் 63. இதைத் தெரிந்துகொண்டு போனால் வீண் மனக்கசப்பு இல்லை.

அடுத்து, காகிதங்கள். ஆதார், புகைப்படம், விண்ணப்பம் பதிந்த ரசீது, பழைய அடையாள அட்டை இருந்தால் அது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கம், ஸ்கேன் அறிக்கை, எக்ஸ்ரே, இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு. எல்லாவற்றையும் தேதி வாரியாக, கடைசியில் வந்தது மேலே இருக்கும்படி ஒரு ஃபைலில் அடுக்குங்கள். இரண்டு செட் ஜெராக்ஸ் எடுங்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டு வாரம், தினம் நான்கு வரி எழுதுங்கள். "இன்று காலை குளியலறையில் விழப் பார்த்தேன். சட்டையை மருமகள் போட்டுவிட்டாள். கடைத்தெரு வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம், நடுவில் மூன்று முறை உட்கார்ந்தேன்." இவ்வளவு போதும். அலங்காரம் வேண்டாம். மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் படிக்காமலும் போகலாம். ஆனால் எழுதி வைத்தவனுக்குக் கேட்டவுடன் பதில் வரும். எழுதாதவன் "அது வந்து சார்..." என்று இழுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பிரிட்டனில் 2013 முதல் நடக்கும் இதே மாதிரியான மதிப்பீட்டில் நான்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒரு வேலையை ஒருவரால் செய்ய முடியும் என்று சொல்வதானால், அதைப் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நம் சட்டத்தில் இந்த வாசகம் இல்லை. ஆனாலும் நோட்டு எழுதும்போது இந்த நான்கையும் மனதில் வையுங்கள். மாடிப்படி ஒரு தடவை ஏறிவிடுகிறேன், அன்று முழுக்கப் படுத்துவிடுகிறேன் என்றால், "ஏறுவேன்" என்பது பாதி உண்மைதானே?

பயணத்தையும் யோசியுங்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால், ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கி ஆட்டோ பிடித்து டோக்கன் வாங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். எந்தக் கிழமை எந்தப் பிரிவு மருத்துவர் இருப்பார், முகாம் எங்கே என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்னாலேயே கேளுங்கள். அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தேர் நாட்களில் சிதம்பரத்து வீதிகளில் வண்டி நகராது. அன்று தேதி விழுந்தால் விடியுமுன் கிளம்புங்கள். சாப்பாடு, தண்ணீர், மாத்திரை கையில் இருக்கட்டும். கூட ஒருவர் அவசியம். அவர் வீட்டில் உங்களைத் தினம் பார்க்கிறவராக இருக்க வேண்டும். கார் வைத்திருக்கிறார் என்பதற்காகத் தூரத்து உறவினரை அழைத்துப் போகாதீர்கள்.

இனி அறைக்குள்ளே. நண்பர்களே, நான் இன்று பேச வந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

நம் வகுப்பு நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம். சிதம்பரத்தில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயிற்று. கடையை மூட வேண்டியதாயிற்று. சில மாதம் கழித்துச் சான்றுக்குப் போனார். அன்று காலை வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, சலவைச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, திருநீறு இட்டு மாப்பிள்ளை மாதிரி அனுப்பினார்கள். கைத்தடியை வராந்தாவிலேயே சாத்தி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி அறைக்குள் நடந்தார். மருத்துவர் கேட்டார், "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் சார்." "சட்டை நீங்களே போட்டுக்கிறீங்களா?" "போட்டுக்கிறேன் சார்." "சாப்பாடு?" "அதெல்லாம் பிரச்சினை இல்லைங்க சார்." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 35 சதவீதம். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை.

செய்தி கேட்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். "டேய், ஏண்டா அப்படிச் சொன்னே?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொம்பளைப் பிள்ளை மாதிரி இருக்குடா அந்த டாக்டரம்மா. என் மகள் வயசு. அதுகிட்டப் போய், கழுவி விடறதுக்கும் ஆள் வேணும்னு எப்படிடா சொல்றது?" என்றார்.

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாம் வளர்ந்த விதம் அப்படி. யார் கேட்டாலும் "நல்லா இருக்கோம்" என்பதுதான் மரியாதை. கல்யாண வீட்டில் அது மரியாதை. மருத்துவக் குழுவின் முன் அது பொய். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஒரு "பரவாயில்லை சார்" ஒரு குடும்பத்தின் உதவியை நிறுத்திவிடும். மருத்துவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே எண்பது பேர் காத்திருக்கும்போது அவர் நம் வாய்ச் சொல்லைத்தானே எழுதுவார்?

பிறகு மேல்முறையீட்டு மனு எழுதினோம். அவருடைய மனைவி நோட்டு எழுதினார். மறு மதிப்பீட்டுக்கு நானும் கூடப் போனேன். இம்முறை கைத்தடியோடும் தினமும் வீட்டில் உடுத்தும் கைலியோடும்தான் போனார். கேட்ட கேள்விக்கு அவர் வாய் திறக்காதபோது, "நான் சொல்றேன் டாக்டர்" என்று மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். 55 சதவீதம் வந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "என் மானம் போச்சுடா, வீட்டுக்கு அரிசி வந்துச்சு" என்று சிரித்தார். உன் மானம் எங்கேயும் போகவில்லை நண்பா, உண்மையைச் சொல்வதில் மானம் போகாது என்பதை இந்த மேடையிலிருந்து அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மனநோய் உள்ளவர்களின் வீட்டில் இது இன்னும் கடினம். கடலூர் முதுநகரில் ஒரு தாய், மகனுக்குப் பதினைந்து வருடமாக மனச்சிதைவு நோய். "அக்கா, சான்று வாங்கினா ஊருக்கே தெரிஞ்சு போயிடும், தங்கச்சி கல்யாணம் நின்னுடும்னு பயமா இருக்கு" என்று என் மனைவியிடம் சொன்னார். மனநோய்க்கு நம் நாட்டில் பயன்படுத்தும் அளவுகோலில் நான்கு விஷயங்கள் பார்க்கிறார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. அதோடு எத்தனை காலமாக நோய் என்பதும் சேரும். மருந்து சாப்பிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பையனைப் பத்து நிமிடம் பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. கூட இருக்கிறவர் சொன்னால்தான் உண்டு. அந்தத் தாய் கடைசியில் சான்று வாங்கினார். மகளின் கல்யாணமும் நடந்தது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நொண்டாத காலை நொண்டிக் காட்டக் கூடாது. அதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏமாற்றிச் சலுகை பெற முயன்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆவது பிரிவு சொல்கிறது. தசையின் வலுவைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு நடிப்பு உடனே தெரிந்துவிடும். அதோடு, ஒருவர் நடித்து மாட்டிக்கொண்டால் அடுத்து வரும் உண்மையான பத்துப் பேரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நல்ல நாள் எப்படி, மோசமான நாள் எப்படி, வாரத்தில் எது எத்தனை நாள், இப்படிச் சொன்னால் போதும்.

முடிவு நியாயமாக இல்லை என்று தோன்றினால்? குறைபாடு இல்லை என்று மறுத்தால் அதை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டத்தின் 58ஆவது பிரிவு சொல்கிறது. 59ஆவது பிரிவு, மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை தருகிறது. கோபமாக எழுதாமல், எந்தச் செயலைப் பார்க்கவில்லை, எந்த அறிக்கையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று புள்ளி புள்ளியாக எழுதுங்கள். சான்றில் காலக்கெடு போட்டிருந்தால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து, முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

மாணவத் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. 40க்குக் கீழே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் மத்திய தேர்வாணையத்தின் மீது தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லாவிட்டாலும் தேர்வில் எழுத்தர் வசதி கேட்கும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பு பற்றிய வழக்கிலும், சதவீதத்தை மட்டும் காட்டி ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது. ஆகவே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மலர் போடுகிறோம், மதிய விருந்து சாப்பிடுகிறோம், நல்லதுதான். இதோடு மாதம் ஒரு நாள், நம்மில் ஓய்வு பெற்ற இருவர் கல்லூரி வாசலில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம். ஒருவர் விண்ணப்பம் பதிந்து கொடுக்கட்டும். மற்றவர், கூடப் போக ஆளில்லாதவர்களுடன் மருத்துவமனைக்குப் போகட்டும். நிதி திரட்ட வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, பஸ் செலவு, அவ்வளவுதான். நம்மில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், மேல்முறையீட்டு மனு அவர்களுக்கு அரை மணி நேர வேலை. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் வருவேன், ஆனால் வந்துவிடுவேன்.